‘என் வீடு’ என்றொரு கட்டுரைத் தலைப்பு

ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ‘என் வீடு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். புதிய மாணவர்களின் கையெழுத்தும் வாக்கிய அமைப்பும் அதில் தெரிந்துவிடும். எளிய தலைப்பு, யாருக்கும் சிரமம் இராது என்று நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி தலைப்பை மட்டும் எழுதி, அழகாக அடிக்கோடிட்டு, மீதியை வெற்றாகவே விட்டுக் கொடுத்தாள். “ஒரு பக்கம் எழுத என்ன சோம்பல்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் தோழி சொல்லித்தான் விவரம் தெரிந்தது. எங்கள் பள்ளி கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கிறது. பெற்றோரில் பலர் விவசாயக் கூலிகள், செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள், பொழுது விடியுமுன் ஷூ கம்பெனி பேருந்தில் ஏறுபவர்கள். இந்த மாணவியின் தாய் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே ஆண்டில் மூன்று வாடகை வீடு மாறி, கடைசியில் உறவினர் நிலத்து ஓரம் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். இந்தத் தொழிலில் வீடுதான் பட்டறை. வெளிச்சமில்லாத இடத்தில் இரவில் ஊசி கோக்க முடியாது; தோலை மழையில் நனையவிட முடியாது. வேலை கொடுப்பவர் தருவதை நிறுத்திவிட்டார். வீடு போனதால் கூலி போயிற்று. கூலி போனதால் அடுத்த வீட்டுக்கு முன்பணம் இல்லை. இதைத்தான் நான் சோம்பல் என்றிருக்கிறேன்.

அவளிடம் தனியே வருத்தம் தெரிவித்தேன். ஆனால் வகுப்பில் செய்த தவறை வகுப்பில்தானே சரிசெய்ய வேண்டும்? அவளை மறுபடியும் நடுவில் நிறுத்தாமல் அதைச் செய்வது எப்படி என்று தெரியாமல் இரண்டு வாரம் ஓடியது. வழி, இடைவேளையில் பெஞ்சைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்த பையன்களிடமிருந்து கிடைத்தது. அவர்கள் பாடியது 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’.

அந்தப் பாட்டைத் தீயுடன் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அரக்கோணம் நம் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இதைச் சொன்னதும், “நம்ம பக்கத்து ஆளா மிஸ்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்துதான் அந்தப் பாட்டு பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆடிப் பாடிய பாட்டுக்குள் நிலமற்றவர்களின் கதை இருப்பது பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. பல முறை கேட்டிருந்த எனக்கும் அன்றுதான் அது உறைத்தது.

முதல் பாடவேளையை வரலாற்றுக்குக் கொடுத்தேன். தமிழ் மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974இல்தான் முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்தவர்கள் பலருக்கு, ‘தாய்நாடு’ என்பது அதுவரை பார்த்திராத ஊர்.

பிறகு திடலுக்கு அழைத்துப்போனேன். தோட்டத்து லயங்களில் ஒரு குடும்பத்துக்குரிய அறை பெரும்பாலும் 10க்கு 12 அடி. சுண்ணாம்புத் தூளால் அந்த அளவில் ஒரு கட்டம் போட்டு, ஆறு பேரை உள்ளே நிற்க வைத்து, அடுப்பு எங்கே, படுக்கை எங்கே, படிக்கும் இடம் எங்கே என்று கேட்டேன். சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. கட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவன், “எங்க ஊடு இதவிடச் சின்னது மிஸ்” என்றான். நான் யாரையும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவன் சொன்னபின் இன்னும் இரண்டு குரல்கள் வந்தன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்து வீடு 360 சதுர அடி, இந்தக் கட்டம் போல எத்தனை என்று கணக்கு ஆசிரியர் கேட்க, மூன்று என்று கத்தினார்கள்.

ராப் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னேன். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் தொடக்கம் என்பார்கள். அவருடைய தங்கைக்குப் பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக நடந்த விருந்து அது! அந்தப் பகுதியை நெடுஞ்சாலை ஒன்று பிளந்துகொண்டு போனதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்திருந்தன. வீடு பறிபோன இடத்திலிருந்து எழுந்த கலை, வீட்டைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை.

இரண்டாம் பாடவேளை யாப்பு. இங்கேதான் நான் எதிர்பாராத பலன் கிடைத்தது. ராப்புக்கு உயிர், அடியின் கடைசியில் ஒலி ஒன்றி வருவது. நம் இலக்கணம் அதை இயைபு என்கிறது. தேர்வுக்காக எதுகை, மோனையோடு மூன்றாவதாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பெயர். நம் மரபுச் செய்யுள் அடியின் தொடக்கத்தில் அழகு வைக்கிறது. ராப் முடிவில் வைக்கிறது. ஏன் என்று கேட்டேன். பெஞ்சில் தாளம் தட்டும் பையன்தான் பதில் சொன்னான்: “வேகமாச் சொல்லும்போது கடைசிலதான் மிஸ் மூச்சு வாங்க முடியும். அங்க ஒரே சத்தம் வந்தா, நின்னது தெரியாது.” அலகிட்டு வாய்பாடு எழுதத் தடுமாறுகிறவன் அவன்.

புறநானூற்றின் 112ஆம் பாடலையும் படித்தோம். தந்தையையும் பறம்பு மலையையும் ஒருசேர இழந்த பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடிகள். முதலடியின் சொற்களே ஏறக்குறைய அப்படியே மூன்றாம் அடியில் திரும்பி வருகின்றன. நிலவு மாறவில்லை, வீடு மட்டும் போய்விட்டது. “இதுவும் ராப்தானா?” என்றாள் ஒருத்தி. இல்லை என்றுதான் சொன்னேன். பொருத்தம் காட்டும் ஆசையில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பிறகு எழுதச் சொன்னேன். தலைப்பு: ‘எனக்குத் தெரிந்த ஒரு வீடு’. பாட்டி வீடோ, இடிந்த வீடோ, குருவிக் கூடோ, கதையில் வந்ததோ, எதுவானாலும் சரி. பேச்சுத் தமிழில் எழுதலாம்; இயைபு மட்டும் கட்டாயம். ஒரு மாணவன் எழுதியது:

பொழுது விடியல, பஸ்சு வந்தாச்சு
ஆறுன சோத்த டப்பால போட்டாச்சு
தூங்குற தம்பிய அக்காட்ட தந்தாச்சு
அம்மா இல்லாத வீடு முழிச்சாச்சு

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். பாடலை முதலில் காணொளியாகக் காட்டாதீர்கள். படம் கண்ணை இழுத்துக்கொள்ளும், சொல் காதில் விழாது. இன்னொன்று, “யாருக்குச் சொந்த வீடு? கை தூக்குங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ராப் எல்லாம் வகுப்பறைக்கு எதற்கு என்று எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். அந்த வாரம் இயைபுக்கு எல்லோரும் சொந்தமாக எடுத்துக்காட்டு எழுதிய தாள்களைக் காட்டினேன்.

அந்த மாணவி நான்கு வரிகள் எழுதியிருந்தாள். “படிக்காதீங்க மிஸ், நீங்களே வெச்சுக்கோங்க” என்று மடித்துக் கொடுத்தாள். அதனால் அவற்றை இங்கே தரவில்லை. தலைமையாசிரியரின் உதவியோடு அவள் தாய் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் திண்ணையில் விளக்குப் போட்டுத் தந்ததால் மேல்பாகம் தைக்கும் வேலை மறுபடியும் வருகிறது. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. மாலையில் அதே திண்ணையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். பட்டா இன்னும் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் தார்ப்பாயை மாற்ற வேண்டும் என்று போன வாரம் அவள் தாய் என்னிடம் சொன்னார்.