விருப்பம் என விட்ட காவல்

“கான்கிரீட் போட்டபிறகு உள்ளே கம்பி வைக்க முடியாது” என்பார் கொத்தனாரான என் தந்தை. அதன் பொருளை எனக்கு லினக்ஸ் கற்பித்தது.

மூலநிரலிலிருந்தே ஒரு லினக்ஸ் அமைப்பைக் கட்டினேன். அதற்கான ஜி.சி.சி. கம்பைலரில் இரு காவல்களை இயல்பாக்கலாம். முதலாவது, ஸ்டாக் காவல். ஃபங்ஷனின் மாறிகளுக்கும் அது திரும்ப வேண்டிய முகவரிக்கும் இடையே ஓர் இரகசிய எண்ணை வைக்கும். அவ்வெண் மாறியிருந்தால் நிரலை நிறுத்தும். சுரங்கத்தில் நச்சுவாயுவை முன்னறிவித்த பறவையின் பெயரால் அதைக் ‘கானரி’ என்பர். இரண்டாவது, பி.ஐ.இ. கம்பைலரும் லிங்கரும் சேர்ந்து, எம்முகவரியிலும் ஏற்றத்தக்கதாக நிரலை ஆக்குவது. ஓடும்போதெல்லாம் இடம் மாறுவதால் தாக்குபவர்க்கு இலக்கு எளிதில் அகப்படாது.

விருப்பத்திற்குரியவைதாமே என்று இரண்டையும் விட்டேன். பின்னர் அஞ்சி, அவற்றுடன் ஜி.சி.சி.யை மீண்டும் கட்டினேன். 16 எழுத்துக்கான இடத்தில் 40 எழுத்தை இடும் சிறு நிரலைத் தொகுத்து ஓட்டினேன், கானரி தடுத்தது. மகிழ்ந்தேன். முன்பு தொகுத்த பிரதியிலோ அத்தடுப்பே இல்லை. தவறான முகவரிக்குத் தாவி வீழ்ந்தது. அமைப்பிலிருந்த பழைய நிரல்கள் அனைத்தின் நிலையும் அதுவே!

கம்பைலரைத் திருத்தினால் இனிப் பிறக்கும் நிரல்களே காவல் பெறும். எனவே யாவற்றையும் மீண்டும் கட்டினேன்.

“இடிச்சுக் கட்டுனதுக்குக் கூலி யாருப்பா குடுத்தா?” என்றார் தந்தை.

கற்ற பாடமே கூலி என்றேன்.