ஹெல்மெட்டுக்குள் பாட்டு: முதலில் காற்றைக் கவனியுங்கள்

கேள்வி: சிராங்கூனில் இருக்கிறேன், துவாஸில் ஷிஃப்ட் வேலை. 2பி லைசென்ஸ், 150 சிசி வண்டி, முகம் திறந்த ஹெல்மெட். அவ்வப்போது நண்பர்கள் மூன்று பேரோடு மலாக்கா வரை போவதுண்டு. வழி கேட்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு புளூடூத் செட் வாங்கலாம் என்றிருக்கிறேன். அறுபது வெள்ளி செட்டே போதும் என்கிறார் ஒருவர். ஐநூறு வெள்ளி ஆனாலும் 'மெஷ்' உள்ளதாக வாங்கு என்கிறார் இன்னொருவர். என்னிடம் இரைச்சலைக் குறைக்கும் இயர்பட்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு ஓட்டலாமா? நண்பர் ஒருவரின் செட்டைப் போட்டுப் பார்த்தேன். தேக்காவில் நன்றாகக் கேட்டது. விரைவுச்சாலையில் ஏறியதும் ஒன்றும் புரியவில்லை.
– ஒரு வாசகர், சிராங்கூன்

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியதுதான் முக்கியமான விஷயம். தேக்காவில் கேட்ட செட் தீவு விரைவுச்சாலையில் கேட்கவில்லை என்றால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். அங்கே உங்களுக்கு எதிரி காற்று.

மெதுவாகப் போகும்போது காதில் விழுவது எஞ்சின் சத்தம். அறுபது, எழுபதைத் தாண்டியதும் காற்றிரைச்சல் அதை அமுக்கிவிடும். இந்த இரைச்சல் பெரும்பாலும் தாடைக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, ஹெல்மெட்டின் அடி விளிம்பில் காற்று சுழல்வதால் வருகிறது. முகம் திறந்த ஹெல்மெட்டில் இன்னும் கூடுதல். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் 95 முதல் 100 டெசிபல் வரை இருப்பது சாதாரணம். தொழிற்சாலைக் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும்: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94க்கு ஒரு மணி நேரம், 100க்குக் கால் மணி நேரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் மலாக்கா போய்ச் சேர்வதற்குள் காது எத்தனை நாள் பங்கை வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். அதற்கும் மேலே பாட்டை ஏற்றி வைத்தால் கேட்பது இரண்டு இரைச்சல்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது நுரைக் காதடைப்பான். உங்கள் வேலையிடத்திலேயே சும்மா கிடைக்கலாம். காதை அடைத்தால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அடைப்பான் காற்றையும் பாட்டையும் சேர்த்தே தணிக்கிறது. பேரிரைச்சலில் திணறிக்கொண்டிருந்த காது, சத்தம் தணிந்ததும் சொற்களைப் பிரித்தறிய ஆரம்பிக்கும். ஹாரனும் ஆம்புலன்சும்கூட அப்படித்தான், காணாமல் போவதில்லை. நுரையை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகச் செருகினால் பாதிப் பலன்கூட இல்லை.

அடுத்தது ஸ்பீக்கர் உட்காரும் இடம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பீக்கரின் நடு, காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் அடிநாதம் போய்விடும், தகரச் சத்தம்தான் மிஞ்சும். ஒரு சோதனை சொல்கிறேன். பாட்டை ஓடவிட்டு, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் கூடினால் ஸ்பீக்கர் காதுக்கு எட்டவில்லை என்று பொருள். பின்னால் ஒரு மெத்தைத் துண்டு வைத்து முன்னே தள்ளுங்கள். ஆனால் இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் கெட்டி நுரையைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஓட்டில் துளையும் போடாதீர்கள். விழும்போது மண்டைக்கு வரும் அடியைத் தாங்குவது அந்த நுரைதான்.

இயர்பட்ஸை நான் சொல்ல மாட்டேன். ஹெல்மெட் மாட்டும்போதே ஒன்று நழுவும். கன்னத்து மெத்தை தொடுபொத்தானை அழுத்திப் பாட்டு தானாக மாறும். பாதி வழியில் சரிசெய்ய ஹெல்மெட்டையே கழற்ற வேண்டும். ஒலியைக் குறைக்க நினைத்தால் கை தொலைபேசிக்குப் போகும், அதுதான் பெரிய வம்பு. ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால் முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2015 பிப்ரவரியிலிருந்து டேப்லெட்டுக்கும் இது பொருந்தும். கையுறையோடு தட்டுப்படும் பொத்தான் உள்ள செட்டைத் தேடுவது அதனால்தான்.

தொலைபேசியைக் கைப்பிடியில் மாட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்துக் குரலில் வழி கேட்பதே நல்லது. பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஐஃபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021இல் எழுதி வைத்திருக்கிறது. சிறிய எஞ்சின் வண்டியிலும் மாட்டத்தான் வேண்டுமென்றால் அதிர்வு தாங்கும் பிடிப்பானோடு மாட்டச் சொல்கிறது.

இனி, ஓட்டிக்கொண்டே நண்பர்களோடு பேச உதவும் மெஷ். சாதாரண புளூடூத் இண்டர்காமில் நால்வரும் கைகோத்த வரிசைபோல இருப்பார்கள். நடுவில் ஒருவர் பின்தங்கினால் வரிசை அறுந்துபோகும். மெஷ்ஷில் ஒவ்வொருவரும் எல்லாரோடும் தொடர்பில் இருப்பார்கள், விலகியவர் அருகே வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோ நிறுவனத்தின் மெஷ்ஷில் 15 பேர் வரை பேசலாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் மோட்டார்சைக்கிள் தடத்தில் நால்வரும் சேர்ந்து வெளியே வருவது நடக்கிற காரியமா? அந்த அளவுக்கு மெஷ் நியாயம்தான். ஆனால் கார்டோவின் மெஷ், சேனா நிறுவனத்தின் மெஷ்ஷோடு பேசாது. ஆகவே கேள்வி உங்கள் பணப்பையைப் பற்றியதே அல்ல, நண்பர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான். மூவரிடமும் ஒரே நிறுவனத்தின் மெஷ் இருந்தால் நீங்களும் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஐநூறு வெள்ளி வீண். நடுத்தர விலையில் ஒரு புளூடூத் செட் தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் 'ஒரு கிலோமீட்டர்' வெட்டவெளிக் கணக்கு. கட்டடங்களுக்கு இடையே அதில் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

அறுபது வெள்ளி செட்டில் எனக்குப் பயம் மழைதான். வெறுமனே 'நீர்ப்புகாதது' என்று எழுதியிருந்தால் நம்பாமல் ஐபி67 என்ற எண்ணைத் தேடுங்கள். 6 தூசிக்கு, 7 ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரத்துக்கு. மேம்பாலத்தடியில் ஒதுங்கும் முன் நனைந்துவிடும் நம் ஊர் மழைக்கு அதுவே தேவை. வெயிலும் பகைதான். திறந்தவெளியில் வண்டியை நிறுத்தினால் கருவியைக் கழற்றி எடுத்துப் போங்கள், பேட்டரி பிழைக்கும்.

உங்கள் ஹெல்மெட்டுக்குத் தண்டு வைத்த மைக், அதன்மேல் தடித்த நுரை உறை. இல்லாவிட்டால் நண்பர்களுக்கு உங்கள் குரலுக்குப் பதில் புயல்தான் கேட்கும். விரைவுச்சாலையிலிருந்து இறங்கி சிராங்கூன் சாலைக்குள் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுங்கள், அதுவும் ஞாயிறு மாலையில். எந்தக் காய்கறிக் கடை வாசலிலிருந்து யார் சாலையில் கால் வைப்பார் என்று சொல்ல முடியாது.

வாங்க உபி பக்கம் போனால் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பீக்கரை உள்ளே வைத்து, தலையில் மாட்டி, அந்த உள்ளங்கைச் சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.