காய்ச்சல் விட்டாலும் குடலைப் பார்க்கணும்



ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் பல வகை உண்டு. ஒரு வகை தொண்டைப் புண்ணை உண்டாக்கும். போவிஸ் என்ற வகை குடலில் இருக்கும். சிலருக்கு அது தொந்தரவே செய்யாது.

ஆனால் பெருங்குடலில் கட்டியோ புற்றுநோயோ இருந்தால், அந்த இடம் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்கலாம். குடலிலிருந்து வரும் ரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரல். அது கெட்டுச் சுருங்கிப் போனால் கிருமி தப்பி, இதய வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். விடாத காய்ச்சல், அசதி, மூச்சு வாங்குதல் வரும். 1970களிலிருந்தே மருத்துவர்கள் இந்தத் தொடர்பைக் கவனித்து வருகிறார்கள்.

காய்ச்சலுக்குச் செய்யும் பிளட் கல்ச்சர் பரிசோதனையில் இந்தக் கிருமி தெரிந்தால் என்ன செய்வது?

1. ஊசி மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.
2. இதயத்துக்கு எக்கோ, கல்லீரலுக்குப் பரிசோதனை வேணுமா என்று டாக்டரிடம் கேளுங்க.
3. பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பற்றியும் கேளுங்க. கூச்சம் வேண்டாம்.

கிருமி வந்த எல்லோருக்கும் புற்றுநோய் இருக்காது. இருந்தாலும் ஆரம்பத்திலேயே தெரிந்தால் குணமாக்க வாய்ப்பு அதிகம்.

மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தானே" என்று விட்டுடாதீங்க. "காய்ச்சல்தான் விட்டாச்சே, செலவு எதுக்கு?" என்று உறுப்பினர் யாராவது தயங்கினால், குழுவில் பேசி அவசரக் கடன் கொடுத்து, துணைக்கு ஒருவரையும் அனுப்புவோம்.