சக்கரத்தை வெளியே இழுத்தால் போதுமா?

பிரிட்டனில் விற்கும் மாதிரி நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை ‘ஓஓ’ ரகம். 1:76.2 அளவில் உடல், 16.5 மி.மீ. அகலத்தில் தண்டவாளம். இரண்டும் ஒரே கணக்கில் செய்தவை என்று புதிதாக வாங்குபவர்கள் நம்புகிறார்கள். அப்படியில்லை. நிஜப் பாதையின் அகலம் 1,435 மி.மீ.; 76.2-ஆல் வகுத்தால் 18.83 வரும். 16.5 என்பது 1:87 மாதிரிகளுக்கு உரிய அகலம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. 1:87 அளவில் செய்த அவற்றின் மாதிரிகளுக்குள் அந்தக் கால மோட்டார் நுழையவில்லை. உடலைப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இதைச் சரிசெய்ய விரும்புவோர் 18.2 மி.மீ. ‘ஈஎம்’ பாதைக்கோ 18.83 மி.மீ. ‘பி4’ பாதைக்கோ மாறுகிறார்கள். அங்கே நேர்எதிரான இரண்டு நம்பிக்கைகள் காத்திருக்கின்றன. சக்கரங்களை அச்சிலேயே வெளியே இழுத்துவிட்டால் போதும் என்பது ஒன்று. உடலை வெட்டாமல் முடியவே முடியாது என்பது மற்றொன்று.

டீசல் மாதிரிக்கு முதலாவது பெரும்பாலும் பொருந்தும். நீராவி எஞ்சினிலோ சக்கரத்துக்கு வெளியே இணைப்புத் தண்டு, அதற்கும் வெளியே பிஸ்டன் தண்டின் முனையில் சறுக்கும் கிராஸ்ஹெட் என்று இடம் நெருக்கடி. ஓஓ சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே சுமார் 14.5 மி.மீ., ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 2.8 மி.மீ. தடிமன், மொத்தம் 20.1. ஈஎம் அளவுக்கு உள் இடைவெளி 16.5 ஆக வேண்டும். பழைய சக்கரங்களையே இழுத்தால் மொத்தம் 22.1, அதாவது பக்கத்துக்கு 1 மி.மீ. கூடுதல், இணைப்புத் தண்டைச் சக்கரத்தில் பிடித்திருக்கும் கிராங்க் பின்னின் தலை கிராஸ்ஹெட்டில் இடிக்கும். சுமார் 2.3 மி.மீ. தடிமனுள்ள ஈஎம் சக்கரம் போட்டால் பக்கத்துக்கு அரை மி.மீ.தான் கூடும். கிராங்க் பின் தலையைக் குறைத்து, சக்கரக் கவசத்தின் உட்புறத்தைச் சற்று அராவினால் பல எஞ்சின்களில் அந்த இடம் கிடைத்துவிடும். சிலவற்றில் சிலிண்டர்களை வெளியே தள்ளத்தான் வேண்டும்.

புதுச் சக்கரங்களைப் பொருத்தும்போது இரு பக்கக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் 90 பாகையில் இருக்க வேண்டும் என்பதும் வீண் பயம். எல்லா அச்சுகளிலும் ஒரே கோணம் இருக்கிறதா என்பதே கேள்வி. 89 என்றால் எல்லாமே 89; ஒன்று மட்டும் பிசகினால்தான் தண்டு பிடித்துக்கொண்டு எஞ்சின் நொண்டும். 1938-இல் வேக சாதனை படைத்த மூன்று சிலிண்டர் மல்லார்டில் நிஜக் கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் இருந்தவை.

அகலம் கூடினால் தடம்புரளாது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பி4 சக்கரத்தின் விளிம்பு ஆழம் அரை மி.மீ.கூட இல்லை, தண்டவாளம் மேடுபள்ளமாக இருந்தால் ஸ்பிரிங் இல்லாத எஞ்சின் எளிதில் இறங்கிவிடும். 438 மி.மீ. ஆரமுள்ள பொம்மை ரயில் வளைவையும் மறந்துவிட வேண்டும்.

சேஸிஸுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வாஷர் போடுங்கள், மின்சாரம் எடுக்கும் தகடுகளை வெளியே வளைத்துவிடுங்கள். முதல் முயற்சிக்கு மல்லார்ட் வேண்டாம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பானியர் டேங்க் எஞ்சினை எடுங்கள்: சிலிண்டர்கள் உள்ளேயே இருப்பதால் கிராஸ்ஹெட் தொல்லையே கிடையாது.