குதிரைக்கு ஒரு கணக்கு, மாட்டுக்கு ஒரு கணக்கு

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. உழவுமாடு வாங்க வந்தவர் பிள்ளையின் ஆசைக்காக ஒரு மட்டக்குதிரையையும் ஓட்டிக்கொண்டு போவது உண்டு. சந்தை கலைந்த சில வாரங்களில் கால்நடை மருத்துவர்களிடம் இரண்டு கேள்விகள் வரும். "குதிரையைக் காயடிக்கணும் டாக்டர். மயக்க ஊசி போட்டா எழுந்திரிக்காதுன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்பது ஒன்று. "போன மாசம் மாட்டுக்கு வாங்கின ஊசி பாதி மிச்சம் இருக்கு. குதிரைக்குப் போட்டுக்கலாமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் இருக்கும் பயம் நியாயமானது. இரண்டாவதில் இருக்க வேண்டிய பயம் இல்லை.

'மயக்க ஊசி' என்று ஊரில் பொதுவாகச் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு வேலைகள். பிராணியை அடக்கி மந்தமாக நிற்க வைப்பது ஒன்று. வெட்டும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது இரண்டாவது. முழு நினைவையும் இழக்கச் செய்வது மூன்றாவது. அறுவைக்கு முன்னும் பின்னும் வலியைக் குறைப்பது நான்காவது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றும் ஆகிவிட்டது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அசிப்ரோமசின் (பிராணியை அமைதிப்படுத்தும் மருந்து) போட்ட குதிரை சாதுவாக நிற்கும். ஆனால் அந்த மருந்துக்கு வலியைத் தணிக்கும் குணம் கிடையாது. கயிறு போட்டுச் சாய்த்து நான்கு பேர் அமுக்கிப் பிடித்த காளைக்கும் வலி அப்படியே இருக்கிறது. அசையத்தான் முடியவில்லை, அவ்வளவுதான்.

மிச்ச ஊசிக் கேள்விக்கு வருகிறேன். சைலசின் (மந்தமாக்கி வலியையும் ஓரளவு தணிக்கும் மருந்து) நம் ஊரில் மாட்டுக்கும் குதிரைக்கும் பயன்படுவதுதான். ஒரே எடையுள்ள குதிரையையும் பசுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பசுவுக்குப் போதும். குதிரை அளவைப் பசுவுக்குப் போட்டால் அது கீழே விழுந்து, மூச்சு தளர்ந்து, வயிறு உப்பி உயிரை விடலாம். செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இன்னும் கவனம் தேவை; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. சினையின் கடைசி மாதங்களில் உள்ள பசுவுக்கு இந்த மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே மாடு சினையா, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. மருந்துக்குப்பியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் உள்ளதாகவும் 100 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. 'போன தடவை ரெண்டு மில்லி போட்டாங்க' என்ற ஞாபகம் இங்கே உதவாது.

லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது. பெரிய மாட்டில் அது சரி. வெள்ளாட்டுக்குட்டியில் கதை வேறு. இரண்டு சதவீதக் கரைசலின் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஆட்டுக்குக் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் என்ற எல்லைக்குள் நிற்பது வழக்கம். மூன்று கிலோ குட்டிக்கு 15 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கும் குறைவு. கொம்பு முளைக்காமல் சுடும்போது இரண்டு குருத்துக்கும் சேர்த்தே அவ்வளவுதான். மருத்துவர் மருந்தை நீர்க்கச் செய்து, சின்ன ஊசியில் சொட்டுச் சொட்டாகப் போடுவதைப் பார்த்துக் 'கஞ்சத்தனம்' என்று முணுமுணுக்காதீர்கள்.

இனி அந்த நியாயமான பயம். குதிரைக்கு முழு மயக்கம் ஆபத்தானதா? மற்ற வளர்ப்புப் பிராணிகளோடு ஒப்பிட்டால், ஆம். பல மருத்துவமனைகளில் 40,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கவனித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுவலிக்காக அறுவை செய்யப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மயக்கத்துக்குப் பின் ஏழு நாளுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு குதிரை இறந்திருந்தது. இதயம் நின்றுபோவது ஒரு காரணம். எழுந்திருக்கும்போது கால் எலும்பு முறிவதும், தன் எடையிலேயே தசை நசிவதும் மற்றவை. குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. கண் விழித்ததும், கால் இன்னும் கட்டுக்குள் வராதபோதே, எழுந்துவிடப் பார்க்கும். இதனால்தான் இயன்றவரை குதிரையை நிற்க வைத்தே மந்த ஊசியும் மரப்பு ஊசியும் போட்டு வேலையை முடிக்கிறோம். படுக்க வைத்தே தீர வேண்டும் என்றால் மெத்தென்ற தரை, நிழல், அமைதி, தலைப்பக்கம் அனுபவமுள்ள ஒரே ஆள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். செல்பேசியில் படமெடுப்பவரை முதலில். இன்னொன்று: மந்த ஊசி போட்ட குதிரை தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவதுபோல் நிற்கும். அது உதைக்காது என்று நம்பிப் பின்னங்காலைத் தொட்டுவிடாதீர்கள். திடீரென்று தொட்டால் குறி தவறாமல் உதைக்கும்.

மாட்டின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிப்புப் பானை. படுக்க வைத்தால் வாயு வெளியேற வழியில்லாமல் உப்பும். இரை மேலே வந்து மூச்சுக்குழலில் புகும். பசுவுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் ஊறுகிறது, மயக்கத்திலும் அது நிற்பதில்லை. ஆகவே வளர்ந்த மாட்டை முழு மயக்கத்துக்குக் கொண்டு வருவதானால் 24 மணி நேரமாவது தீவனத்தையும், 12 மணி நேரமாவது தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். "பட்டினி போடறது பாவம், கொஞ்சம் தவிடு மட்டும் வச்சேன்" என்ற பரிவு மேசையில் ஆபத்தாகத் திரும்பும். வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையை மறுநாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம். பால் குடிக்கும் கன்றை மட்டும் இப்படி நெடுநேரம் காயவிடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். குதிரைக்குத் தீவனத்தைச் சில மணி நேரம் நிறுத்தினால் போதும். தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், மாட்டுக்கு முழு மயக்கம் தேவைப்படுவது குறைவு. வயிற்றைத் திறக்கும் அறுவையைக்கூட மாடு நின்றபடியே செய்யலாம். திருவண்ணாமலையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரியும் மாடுகள் எதைத் தின்கின்றன என்று பாருங்கள்: அன்னதானத் தட்டு, சோறு ஒட்டிய பை, முடிச்சுப் போட்ட சாம்பார்ப் பொட்டலம். 2019 அக்டோபரில் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் இரைப்பையிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பால் குறைந்து, வலியில் வயிற்றைக் காலால் உதைத்துக்கொண்டிருந்த பசு அது.

இப்படிப்பட்ட அறுவைக்கு முதுகெலும்பு ஓரமாக நரம்புகள் வெளிவரும் இடங்களில் மரப்பு ஊசி போடுவது ஒரு முறை. போட்ட சிறிது நேரத்தில் அந்தப் பக்க விலா சூடாகும். முதுகு ஒரு பக்கமாக வளைந்து காணும். வாதம் வந்துவிட்டது என்று பதறாதீர்கள். மருந்து சரியாக வேலை செய்வதன் அடையாளம் அது. அடிதள்ளிய பசுவுக்கும் கன்று ஈனத் திணறும் பசுவுக்கும் வாலடியில் ஊசி போடுவார்கள். வால் நனைந்த கயிறுபோல் தொங்கும். ஓரிரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். கொம்பில் புற்று வந்த மாட்டுக்குக் கொம்பை எடுக்கும் முன், கண்ணின் வெளிமூலைக்கும் கொம்படிக்கும் நடுவே, எலும்பு மேட்டுக்குக் கீழே ஓடும் நரம்பை மரக்கச் செய்வார்கள். போட்டதும் கத்தியை எடுக்க மாட்டார்கள். பத்து நிமிடம் காத்திருந்து, ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

"மாடு கத்தவே இல்லையே டாக்டர், அதுக்கு எங்க வலிக்குது?" இதை நான் கேட்காத கிராமம் இல்லை. மாடு இரையாகும் இனத்தில் வந்தது. கத்தினால் புலிக்குத் தெரிந்துவிடும் என்ற பழைய எச்சரிக்கை அதன் உடம்பில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: அசைபோடுவது நிற்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், முதுகு வளையும், காது தொங்கும், மூச்சை விடும்போது மெல்ல முனகும், பால் இறங்கும், மந்தையிலிருந்து விலகி நிற்கும். வெள்ளாடு கத்தி ஊரைக் கூட்டும் என்றாலும், கடும் வலியில் அதுவும் மூலையில் ஒடுங்கிவிடும். குதிரை வயிற்றுவலியில் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், வியர்க்கும், உருளும். கால்வலி என்றால் முகத்தைப் பாருங்கள்: காது பின்னால் விறைக்கும், கண்ணுக்கு மேல் தசை இறுகும், மூக்குத்துளை விறைத்துச் சற்றே விரியும். முகத்தைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை 2014-இல் உருவாக்கியிருக்கிறார்கள். குதிரை லாயத்தில் நாற்பது வருடம் இருந்த கிழவருக்கு அந்த அட்டை தேவைப்படாது, நமக்குத் தேவைப்படும்.

மரப்பு ஊசியின் வேலை ஒன்று இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சுட்ட கொம்படியும் அறுத்த விதைப்பையும் அதன் பிறகுதான் வலிக்கத் தொடங்கும். ஆகவே அறுவைக்கு முன்பே மெலாக்சிகாம் (வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்து) போன்ற ஒன்றைப் போடுவதுதான் சரி. மருத்துவர் மறந்தால், "வலிக்கு ஏதாச்சும் போட்டீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2023-இல் வந்த விதிகள், காயடிப்பு போன்றவற்றைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரைக் கொண்டு, மரப்பு அல்லது மயக்க மருந்தோடு செய்யச் சொல்கின்றன. கல்லில் வைத்து நசுக்குவது இனிமேல் பழக்கம் என்று சொல்லித் தப்பக்கூடியதல்ல.

வலி மருந்தை உங்கள் கையில் வைத்துக்கொள்வது வேறு விஷயம். டைக்ளோபினாக் ஊசியைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதை 2006-இல் இந்தியா தடை செய்தது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இனமே அருகிப்போனதுதான் காரணம். கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் 2023-இல் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் இருக்கின்றன என்பதை நினைத்து, மனிதருக்கான குப்பியை மாட்டுக்கு உடைக்காதீர்கள். குதிரையின் வயிற்றுவலிக்கு ஃப்ளூனிக்சின் என்ற வலி மருந்து நன்றாகவே கேட்கும். கேட்பதுதான் சிக்கலும். குடல் முறுக்கிக்கொண்ட குதிரையும் ஊசி போட்டபின் சில மணி நேரம் அமைதியாக நிற்கும். அறுவைக்கான நேரம் அதற்குள் போய்விடும். நீர் வறண்ட உடம்பில் மறுபடி மறுபடி போட்டால் சிறுநீரகமும் இரைப்பையும் புண்ணாகும். சந்தையில் வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை: நொண்டலை ஊசியால் ஒரு நாள் மறைக்க முடியும். முடிந்தால் மறுநாள் காலை மீண்டும் நடக்கவிட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

சூடு போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சிய இரும்பால் தோளில் இழுத்தால் பழைய வலி போகாது. புதிய வலி ஒன்று சேரும். புண்ணில் புழு வைக்கும். மூங்கில் குழாயில் எண்ணெயோ சாராயமோ ஊற்றுவது அதைவிடக் கெடுதல். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். குதிரைக்கு வாந்தி எடுக்கும் வழியே கிடையாது. நிறைந்த இரைப்பையில் இன்னும் ஊற்றினால் அது கிழியும்.

மயக்கம் தெளியும் மாட்டை ஒருக்களித்துக் கிடக்க விடாதீர்கள். மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அணை கொடுங்கள். வாய் தொண்டையைவிடத் தாழ்ந்திருந்தால் எச்சில் வெளியே வடியும். இடது விலாப்பள்ளம் மேலெழுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். நன்றாக எழுந்து நின்று, விழுங்கத் தெரியும்வரை தண்ணீரும் தீவனமும் வேண்டாம். பால் எத்தனை வேளை கறந்து கொட்ட வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது மருந்துக்கு மருந்து மாறும். அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது.

அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. அழைக்கும்போது பிராணி எது, ஏறத்தாழ எத்தனை கிலோ, சினையா, கடைசியாக எப்போது தின்றது, சாணமோ லத்தியோ எப்போது போட்டது, நீங்களோ வேறு யாரோ என்ன ஊசி போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். காலிக்குப்பி இருந்தால் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். வண்டி வரும்வரை, வயிற்றுவலி வந்த குதிரையின் முன்னாலிருந்து தீவனத்தை எடுத்துவிட்டு, மெதுவாக நடக்க விரும்பினால் நடத்துங்கள். களைத்துப் படுத்திருந்தால் அடித்து எழுப்ப வேண்டாம்.