இளமீன் சொல்லும் கழிமுகச் செய்தி

நுழையும்முன்

ஆறும் கடலும் கூடும் கழிமுகத்தின் நலத்தை எவ்வாறு அறிவது? நீரின் நிறத்தையும் தெளிவையும் காண்பது மட்டும் போதாது. அந்நீரில் வளரும் மீன்குஞ்சுகளின் உடலில் அதற்கான சான்றுகள் பதிவாகின்றன. அவற்றைப் படித்தறியும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

கடலுயிர்களின் தொட்டில்

கழிமுகத்தில் ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கின்றன. ஆறு கொணரும் சத்துப்பொருள்களும் அலையாத்தி மரங்களின் மட்கிய இலைகளும் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. அவற்றை உண்டு வளரும் சிற்றுயிர்கள் மீன்குஞ்சுகளுக்கு இரையாகின்றன. ஆழமற்ற நீரும் பின்னிக் கிடக்கும் வேர்களும் பெரிய மீன்களிடமிருந்து அவற்றைக் காக்கின்றன. மடவை, பால்கெண்டை, கொடுவா முதலிய மீன்களின் குஞ்சுகள் கழிகளை நாடி வருவது இதனால்தான். பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கும் வெள்ளாற்றின் கழிமுகமும் அதற்குத் தெற்கேயுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடும் இத்தகைய வளர்ப்பிடங்களே.

எண்ணிக்கை போதுமா?

ஒரு கழியில் வலையிட்டால் நூறு குஞ்சுகளும் மற்றொன்றில் நாற்பது குஞ்சுகளும் கிடைப்பதாகக் கொள்வோம். முதற்கழியே சிறந்தது என்று முடிவு செய்யலாமா? நீரோட்டம் குஞ்சுகளை அங்கு ஒதுக்கியிருக்கலாம். வேறு புகலிடம் இன்மையால் அவை அங்குக் குவிந்திருக்கலாம். போதிய இரையின்றி அவை நலிந்து மடியுமாயின் அக்கழி தொட்டில் அன்று, பொறியே ஆகும். வளர்ந்து கடலுக்குத் திரும்பும் மீன்களை மிகுதியாக அளிக்கும் இடமே சிறந்த வளர்ப்பிடம்.

நீர்ச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. எடுத்த பொழுதில் நீர் இருந்த நிலையையே அது காட்டும். இரவில் கலந்த கழிவு, காலைக்குள் ஓதத்தோடு கரைந்து போகலாம். மீன்குஞ்சோ அந்நீரையே நாள்தோறும் சுவாசித்து வாழ்கிறது. தான் உற்ற இடரை உடலில் சுமக்கிறது.

உடல் காட்டும் சான்றுகள்

முதற்சான்று, எடைக்கும் நீளத்திற்கும் உள்ள தொடர்பு. கிராமில் கண்ட எடையை நூறால் பெருக்கி, சென்டிமீட்டரில் கண்ட நீளத்தின் மும்மடியால் வகுத்தால் உடல்நிலைக் குறியெண் கிடைக்கும். 10 செ.மீ. நீளமுள்ள இரு மடவைக் குஞ்சுகளுள் ஒன்று 12 கிராமும் மற்றொன்று 9 கிராமும் இருப்பின், குறியெண்கள் முறையே 1.2, 0.9 ஆகும். பின்னது மெலிந்த குஞ்சு.

இரண்டாவது சான்று, உட்செவியில் உள்ள சிறு சுண்ணக்கல். மரத்தண்டில் ஆண்டு வளையம் தோன்றுவதுபோல் இக்கல்லில் நாள் வளையம் தோன்றுகிறது. இதனை 1971ஆம் ஆண்டில் ஜார்ஜியோ பன்னெல்லா என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். வளையங்களின் இடைவெளி அகன்றிருந்தால் வளர்ச்சி விரைவானது, நெருங்கியிருந்தால் மந்தமானது.

மூன்றாவது சான்று செல்லுக்குள் உள்ளது. ஒரு செல்லில் டி.என்.ஏ.வின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை, ஆர்.என்.ஏ.வின் அளவோ புரத ஆக்கத்திற்கேற்பக் கூடும், குறையும். ஆதலின், இவ்விரண்டின் விகிதம் அண்மை நாள்களில் குஞ்சு இரை பெற்றதா, பட்டினி கிடந்ததா என்பதைக் காட்டுகிறது.

ஒப்பிடும்போது கவனம்

ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே அளவுள்ள குஞ்சுகளை ஒரே பருவத்தில் ஒப்பிடுதல் வேண்டும். மேலும், நலிந்தவை யாவும் மடிந்தபின் எஞ்சிய சில கொழுத்துக் காணப்படலாம். எனவே, உடல்நலத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

அலையாத்திக் கன்றுகளை நட்டவுடன் கழிமுகச் சீரமைப்பு நிறைவுற்றதாகக் கருதுகிறோம். அவற்றின் நிழலில் குஞ்சுகள் கொழுத்து வளர்கின்றனவா என்பதே உண்மையான தேர்வு. அத்தேர்வில் கழிமுகம் தோற்றால், நாளை கடலில் வலையிடுவோரின் வாழ்வும் நலியும்.

கற்பவை கற்றபின்

1. 8 செ.மீ. நீளமும் 6.4 கிராம் எடையும் உள்ள மீன்குஞ்சின் உடல்நிலைக் குறியெண்ணைக் கணக்கிடுக.
2. 'மீன்கள் மிகுந்த கழியெல்லாம் நலமான கழியன்று' – இக்கூற்றைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.