ஐந்து முனையும் ஒரே அளவாக ஒரு ஸ்டார்

டிசம்பர் மாதம் லீவில் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரின்டரும் வாங்கியிருந்தார்கள். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிட அட்டையில் சின்ன ஸ்டார் செய்து தருவதாகத் தெருவில் பத்து வீட்டில் சொல்லி வைத்து, முன்பணமும் வாங்கி அட்டைக்குச் செலவழித்துவிட்டாள். வேர்டில் ஸ்டார் வரைந்து, அட்டையில் பிரின்ட் எடுத்து, வெட்டி, மடித்து, இரண்டு இரண்டாக ஒட்டுவது அவள் திட்டம். ஆனால் முன் அட்டையும் பின் அட்டையும் ஒட்டவில்லை! ஒரு முனை சேர்ந்தால் இன்னொரு முனை வெளியே நீட்டியது. நான் போன நேரத்தில் பன்னிரண்டு அட்டை வீணாகியிருந்தது.

"ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டுத்தான் வரைஞ்சேன் மாமா" என்றாள் அழாத குறையாக.

தவறே அங்கேதான் இருந்தது. வேர்டில் ஷேப்ஸ் பட்டியலில் உள்ள ஐந்து முனை ஸ்டார், நீங்கள் மௌஸால் இழுக்கும் கட்டத்தை முழுவதும் நிரப்பிக்கொள்ளும். ஷிஃப்ட் கீயை அழுத்தினால் அந்தக் கட்டம் சதுரமாகிறது. ஆனால் சரியான ஸ்டார் சதுரத்துக்குள் அடங்காது. அதன் அகலம் 18 செ.மீ. என்றால் உயரம் சுமார் 17.1 செ.மீ.தான் இருக்க வேண்டும். சதுரத்தில் வரைந்தால் கிட்டத்தட்ட 9 மி.மீ. உயரம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது. தலை முனை எது என்று பார்க்காமல் சுற்றி வைத்து ஒட்டும்போதுதான் தெரியும். வேர்டைக் குறை சொல்ல முடியாது, கட்டத்தை நிரப்புவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. வேர்டிலேயே சரிசெய்ய விரும்பினால் உயரத்தை அகலத்தில் 0.951 மடங்காக டைப் செய்துவிடுங்கள், போதும்.

ஆனால் அன்று அவளுக்கு நான் வேறு வழியைக் காட்டினேன். பள்ளியில் காம்பஸும் ஸ்கேலும் வைத்துச் செய்த வேலையையே கம்ப்யூட்டரில் செய்யும் வழி அது. இதற்கு ஜியோஜீப்ரா என்ற புரோகிராம் வேண்டும். மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தொடங்கியது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ஜியோஜீப்ரா கிளாசிக் 5 என்ற பதிப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

திறந்ததும் கீழே இருக்கும் இன்புட் பாரில் O=(0,0) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்து A=(9,0). இரண்டு புள்ளிகள் வந்துவிடும். (முதல் புள்ளிக்கு ஆங்கில ஓ எழுத்து, பூஜ்யத்தை அடித்துவிட்டு முழிக்காதீர்கள்!) மேலே டூல் பாரில் வட்டம் வரையும் டூலை எடுத்து O-வையும் A-யையும் கிளிக் செய்தால் 9 செ.மீ. ஆரமுள்ள வட்டம் கிடைக்கும். லைன் டூலால் O, A வழியாக ஒரு கோடு. பெர்பெண்டிகுலர் லைன் டூலால் O-வில் அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. செங்குத்துக் கோடு வட்டத்தை மேலே வெட்டும் இடத்தில் இன்டர்செக்ட் டூலால் கிளிக் செய்யுங்கள். அந்தப் புள்ளி B. புரோகிராம் தானாக வேறு பெயர் வைத்தால், ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். மிட்பாயின்ட் டூலால் O-வுக்கும் A-க்கும் நடுப்புள்ளி M குறியுங்கள். M-ஐ மையமாக வைத்து B வழியாக ஒரு வட்டம் போடுங்கள். அது படுக்கைக் கோட்டை O-வுக்கு இடப்பக்கம் வெட்டும் புள்ளி N. இப்போது B-யிலிருந்து N வரை உள்ள தூரம்தான், பெரிய வட்டத்துக்குள் அடங்கும் ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு பக்கம். நம் வட்டத்துக்கு அது சுமார் 10.58 செ.மீ. இந்த உண்மையை தாலமி 2ஆம் நூற்றாண்டிலேயே அல்மஜெஸ்ட் நூலில் நிரூபித்திருக்கிறார். O-விலிருந்து N வரை உள்ள தூரம் பத்துக்கோணத்தின் பக்கம் என்பது அதிலேயே கிடைக்கும் இனாம்!

B-யை மையமாக வைத்து N வழியாக வட்டம் போடுங்கள். அது பெரிய வட்டத்தை இடப்பக்கம் C-யிலும் வலப்பக்கம் F-லும் வெட்டும். C மையமாக B வழியாக ஒரு வட்டம், அதில் D. F மையமாக B வழியாக ஒரு வட்டம், அதில் E. ஐந்து முனையும் வந்தாயிற்று. செக்மென்ட் டூலை எடுத்து, ஒரு முனை விட்டு ஒரு முனையாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்: B-D, D-F, F-C, C-E, E-B. ஒவ்வொரு முனைக் கோணமும் 36 டிகிரி. இரண்டு முனைகளுக்கு நடுவே மையத்தில் 72 டிகிரி, வட்டத்தின் மேலிருந்து பார்த்தால் அதில் பாதி. ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

இப்போது மூவ் டூலால் A-யைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஸ்டார் பெரிதாகும், சிறிதாகும், சுழலும். ஆனால் கோணாது. அதே திரையில் ஐந்து புள்ளிகளைக் கண் மதிப்பில் வைத்து இன்னொரு ஸ்டார் வரைந்து, அதில் ஒரு புள்ளியை இழுங்கள். அந்த ஒரு முனை மட்டும் ஓடிப்போகும். மருமகள் இதை இருபது தடவையாவது செய்திருப்பாள். "முன்னாடி வரைஞ்சதுக்கு எலும்பே இல்ல மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பிரின்ட் எடுக்கும் முன் A-யைப் பழையபடி (9,0)-க்குக் கொண்டுவாருங்கள். மடிக்க வேண்டிய கோடுகளையும் போடுங்கள். O-விலிருந்து ஐந்து முனைகளுக்கும் போகும் கோடுகள் மேலே எழும்ப வேண்டியவை. உள்மூலைகளுக்குப் போகும் கோடுகள் பள்ளமாக மடிய வேண்டியவை. தேவையில்லாத வட்டங்களின் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ ஆப்ஜெக்ட் டிக்கை எடுத்துவிட்டால் மறைந்துவிடும். அழிக்காதீர்கள்! வட்டத்தை அழித்தால் அதை நம்பியிருக்கும் புள்ளிகளும் கூடவே போய்விடும். பிரின்ட் பிரிவியூவில் 1 அலகுக்கு 1 செ.மீ. என்று இருக்கிறதா பாருங்கள். பிடிஎஃப் வழியாக எடுத்தால் ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் கொடுங்கள். ஸ்டாரின் அகலம் சுமார் 17.1 செ.மீ., ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். முதல் தாளை அட்டையில் எடுக்காமல் வெறும் பேப்பரில் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

அன்று ராத்திரி இரண்டு அட்டை ஒட்டினோம். எந்த முனையை எந்த முனையோடு வைத்தாலும் சேர்ந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் பத்தும் முடிந்தது. வீணான அட்டைக்கு அத்தான் பணம் கொடுத்தார், அது தனிக்கதை.

தங்கள் வாசலுக்குப் பெரிய ஸ்டார் வேண்டும் என்றாள் அக்கா. ஏ4 பிரின்டர் அதற்கு உதவாது. தரையில் சார்ட் அட்டையை விரித்து, 25 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டி, M, N என்று சொல்லிக்கொண்டே மருமகள் வரைய ஆரம்பித்தாள். செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் என்னைக் கேட்டாள். மூலைமட்டத்தை எடுத்துக் கொடுத்தேன்.